பாஸான பெண்ணுக்குத் தாய்மாமன் சீர்

எங்கள் குடும்பத்தில் முதன்முதலாக எஸ்.எஸ்.எல்.சி. பாஸ் செய்தவன் நான். இதை நான் பஸ்ஸில் சொல்லியிருக்கிறேன், டீக்கடையில் சொல்லியிருக்கிறேன், சம்பந்தி வீட்டில்கூடச் சொல்லியிருக்கிறேன். கேட்டவர்கள் நம்பியும் இருக்கிறார்கள். பச்சைப் பொய். பள்ளிக்கூடத்துக்குள் நான் காலை வைத்தது ஒரே ஒரு தடவை, அதுவும் கூரை வேய ஓலை இறக்குவதற்கு. பாஸ் செய்தது என் அக்கா மகள். அவள் பாஸானதற்குச் சீர் கொண்டுபோய், அவளை ஏறக்குறையப் பெயிலாக்கி வைத்தது மட்டும்தான் என் பங்கு. நான் வாயால் சொல்லிக்கொண்டே போகிறேன், என் மகள் எழுதிக்கொண்டு வருகிறாள். எங்கேயாவது தப்பு இருந்தால் அது அவளுடையது.

அறுபதுகள் தொடங்கிய சமயம். உத்திரமேரூரிலிருந்து ஏரிக்கரை ஓரமாக நடந்தால் எங்கள் ஊர். அதற்கடுத்த ஊரில் அக்காவைக் கட்டிக் கொடுத்திருந்தது. எனக்கு மாட்டு வண்டிதான் பிழைப்பு. அறுப்பு முடிந்ததும் ஊர் நெல்லை மூட்டை கட்டி வாலாஜாபாத் மில்லுக்கு ஏற்றிப் போவேன். கல்யாணம் ஆகாத வயசுப் பையன். பெண் கொடுக்கலாமா என்று வீடு பார்க்க வந்தவர்கள் எல்லாரும் என் மாடுகளை மனசாரப் பாராட்டிவிட்டு, என்னைப் பற்றி ஒன்றும் சொல்லாமல் போய்ச் சேர்ந்தார்கள்.

அக்கா மகள் தினமும் அந்த ஏரிக்கரை மேலேயே உத்திரமேரூர் ஹைஸ்கூலுக்கு நடந்து போய், அப்போது எஸ்.எஸ்.எல்.சி. என்றால் பதினோராவது, அதுவரை படித்தாள். ரிசல்ட் பேப்பர் காலை பஸ்ஸில் வந்தது. டீக்கடையில் ஒருவர் அவள் நம்பரைத் தேடிப் பிடித்து என் விரலை எடுத்து அதன்மேல் வைத்தார். எறும்பு வரிசை மாதிரி நம்பர்கள். எந்த எறும்பு எங்கள் எறும்பு என்று எனக்கு எப்படித் தெரியும்? இருந்தாலும் விரலை எடுக்க மனசு வரவில்லை. கடைசியில் கடைக்காரர்தான், மற்றவர்களுக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள் என்று சொல்லிப் பேப்பரை இழுத்துக்கொண்டார்.

பாஸானது பெரிதில்லை. அதற்குப் பிறகுதான் சங்கடம். காஞ்சிபுரத்தில் டீச்சர் டிரெயினிங்குக்கு அவளுக்கு இடம் கிடைத்துவிட்டது. வருகிற திங்கட்கிழமை போய்ச் சேர வேண்டும், ஹாஸ்டலில் தங்க வேண்டும். அக்கா புருஷன் போ என்றும் சொல்லவில்லை, போகாதே என்றும் சொல்லவில்லை. அவர் கெட்டவர் இல்லை. வாயைத் திறக்கக் கூலி கேட்கிற ஆள், அவ்வளவுதான். அக்காவிடம் மட்டும் ஒரு பேச்சு சொல்லியிருந்தார். நல்ல இடமாக மாப்பிள்ளை வந்தால் கட்டிக் கொடுத்துவிடுவேன், வராவிட்டால் படிக்கப் போகட்டும் என்று. பெண் பாஸ் என்று தெரிந்ததும் தரகர்கள் அந்தத் தெருப் பக்கம் தண்ணீர் குடிக்க வர ஆரம்பித்திருந்தார்கள். திங்கட்கிழமைக்குள் ஒருவன் வந்துவிட்டால் டிரெயினிங் அதோடு சரி.

அக்கா மகள் என் வண்டியை மறித்துக் கேட்டாள்.

"மாமா, நீ வந்து நைனா கிட்ட ஒரு வார்த்த சொல்லு. நான் கேட்டா மாட்டப் பாத்துக்கினு கீறாரு. பதிலே வரல."

ஒரு வார்த்தை என்ன, சீரே கொண்டுவருகிறேன் என்றேன். என் கணக்கு இது: ஹாஸ்டலுக்குக் கொண்டுபோகிற பெட்டியைத் தாய்மாமன் தெருவே பார்க்கச் சீராகக் கொடுத்துவிட்டால், அப்புறம் அக்கா புருஷன் எப்படிப் போகாதே என்பார்? பெட்டியைக் காலியாகவா வைத்திருப்பார்? கணக்கு நல்ல கணக்குத்தான். போட்டவன்தான் சரியில்லை.

தாய்மாமனுக்கு எந்தக் காரியத்துக்கு எது சீர் என்று ஏற்கெனவே வகுத்து வைத்திருக்கிறார்கள். அவளுக்குக் காது குத்தும்போது என் மடியில்தான் உட்கார வைத்தார்கள். அப்போது நானே சின்னப் பையன். அவள் அழவில்லை, நான் அழுதேன். அவள் வயசுக்கு வந்தபோது பச்சை ஓலை வெட்டிவந்து அவள் தனியாக உட்காரக் குச்சு கட்டினேன். அது ராத்திரியே சாய்ந்துவிட்டது, மறுநாள் வேறு ஆள் வந்து கட்டினார். கல்யாணத்துக்கு என்ன செய்ய வேண்டும் என்பதும் தெரியும். ஆனால் எஸ்.எஸ்.எல்.சி.க்கு என்ன சீர்? எங்கள் ஜனத்தில் அதற்கு முன்னால் யாரும் பாஸாகித் தொலைக்காததால், கேட்டுத் தெரிந்துகொள்ளவும் ஆள் இல்லை.

சவரம் செய்கிறவர் கைக்கடிகாரம் வாங்கு என்றார். டீக்கடைக்காரர் பேனா என்றார். மில்லில் மூட்டை தூக்குகிறவர் ஒருவர், ஒரு சேவலை அறுத்துச் சோறு போடு, படித்த பிள்ளைக்கு உடம்பில் ஒன்றும் இல்லை என்றார். எனக்கு அது சரியாகத்தான் பட்டது. ஆனால் சேவலை ஹாஸ்டலுக்கு எடுத்துப் போக முடியாது.

வாலாஜாபாத்தில் நெல்லை இறக்கிவிட்டுக் கடைத்தெருவுக்குப் போனேன். முதலில் பேனாவைத்தான் கேட்டேன். கடைக்காரர் மை ஊற்றி, ஒரு காகிதத்தையும் தள்ளி, எழுதிப் பாருங்கள் என்றார். எல்லாரும் அவரவர் பேரை எழுதிப் பார்ப்பார்களாம். நான் மாட்டுக் கொம்பு ஒன்று வரைந்தேன். இன்னொரு கொம்பு வரைவதற்குள் மை கொட்டிச் சட்டையில் ஏரி ஒன்று கட்டிவிட்டது. கடைக்காரர் நல்ல மனுஷர். சிரிக்காமல் பேனாவைத் துடைத்து உள்ளே வைத்துவிட்டு, வேறு என்ன பார்க்கிறீர்கள் என்றார்.

கைக்கடிகாரத்தைக் காதில் வைத்துப் பார்த்தேன். உள்ளே பல்லி கத்துகிற மாதிரி இருந்தது. நல்ல பல்லியா கெட்ட பல்லியா என்று கண்டுபிடிக்க எனக்குத் தெரியாது.

டிரங்குப் பெட்டி அப்படி இல்லை. அதைத் தூக்கிப் பார்த்தேன், தட்டிப் பார்த்தேன், மேலே ஏறி உட்கார்ந்து பார்த்தேன். கீல் ஆடுகிறதா, அடித் தகரம் நசுங்குகிறதா என்று மாட்டுக்குப் பல் பார்க்கிற மாதிரிப் பார்த்தேன். அந்தக் கடையிலேயே நல்லது கெட்டது எனக்குப் புரிந்த ஒரே சாமான் அதுதான். பச்சை பெயிண்ட், மூலைக்கு மூலை ஒரு ரோஜாப்பூ. மூடிமேல் பேர் எழுதித் தருவார்கள் என்றதும் அவள் பேரைச் சொன்னேன். பேருக்குப் பின்னால் எஸ்.எஸ்.எல்.சி. என்றும் போடச் சொன்னேன். பெயிண்டர் எழுதி முடித்துப் படித்துக் காட்டினார். இன்னொரு தடவை படிக்கச் சொன்னேன். ஊர் வரும்வரை வழியெல்லாம் அதை நானே மாடுகளுக்குப் படித்துக் காட்டிக்கொண்டு வந்தேன்.

இதோடு நான் நிறுத்தியிருக்கலாம். பெட்டியை வெறுமையாகக் கொடுப்பதா என்று ஒரு யோசனை வந்தது. டிரெயினிங்கில் தாவணி கட்டக்கூடாது, புடவைதான் என்று அவள் சொல்லியிருந்தாள். ஆகவே ஒரு புடவை வாங்கினேன். அரக்குச் சிவப்பு, சரிகைக் கரை. அழுக்குத் தெரியாது என்றுதான் அந்த நிறம். புடவையைக் கையில் கொடுக்கலாமா, தட்டில் வைத்துத்தானே கொடுப்பது வழக்கம்? ஒரு தட்டு ஆயிற்று. புடவைத் தட்டோடு பூ வேண்டும், மஞ்சள் குங்குமம் வேண்டும், தேங்காய், பழம், வெற்றிலை பாக்கு, கல்கண்டு. தட்டு ஒற்றைப்படையாக வர வேண்டும் என்று இன்னும் ஒன்று சேர்த்தேன். தட்டு தூக்க எங்கள் தெருப் பெண்களைக் கூப்பிட்டேன். அக்கா வீட்டுக்குச் சீர் என்றேன், வேறொன்றும் சொல்லவில்லை. அவர்களும் கேட்கவில்லை. ஆளாளுக்கு வீட்டில் இருந்த பட்டுப்புடவையை எடுத்துக் கட்டிக்கொண்டு வந்தார்கள். என் சீருக்கு எவ்வளவு மரியாதை என்று எனக்கே கண் கலங்கியது.

மேளம் அடித்துப் போனால் நன்றாக இருக்கும் என்று தோன்றியது. பக்கத்து ஊரில் விடிகாலைக் கல்யாணம் ஒன்றை முடித்துவிட்டு நாயனமும் தவிலும் எங்கள் வழியாகத்தான் திரும்பிக்கொண்டிருந்தார்கள். என்ன வாசிப்பது என்று நாயனக்காரர் கேட்டார். காலையில் அந்த ஊரில் வாசித்ததையே வாசியுங்கள் என்றேன். இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். பாஸானவர்களுக்கு மாலை போடுவது வழக்கம் என்று கேள்விப்பட்டு, உத்திரமேரூர் பூக்கடையில் ஒரு ரோஜா மாலை கட்டி வாங்கியிருந்தேன். கையில் வைத்திருந்தால் வெயிலில் வாடிவிடும், ஆட்டி ஆட்டி நடந்தால் உதிர்ந்துவிடும். அதனால் என் கழுத்தில் போட்டுக்கொண்டேன்.

சவரம் செய்த முகம், எண்ணெய் வைத்த தலை, புது வேட்டி, கழுத்தில் ரோஜா மாலை, முன்னால் மேளம், பின்னால் பட்டுப்புடவைக்காரிகள் தட்டுகளோடு. எல்லாவற்றுக்கும் பின்னால் என் வண்டியில் பெட்டி. அப்படி அக்கா ஊருக்குள் நுழைந்தேன். பெரியம்மா முறையுள்ள ஒருத்தி என் காதருகில் வந்து, மூஞ்சில களை வந்துடுச்சிடா என்றாள். காலையில் போட்ட சோப்பு என்று நினைத்துக்கொண்டேன்.

அந்தத் தெருவில் எல்லாரும் வாசலுக்கு வந்துவிட்டார்கள். ஆண்கள் என்னைப் பார்த்துத் துண்டைத் தோளில் சரி செய்தார்கள். இரண்டு கிழவர்கள் எழுந்தே நின்றார்கள். எஸ்.எஸ்.எல்.சி.க்கு இந்த ஊரில் இவ்வளவு மதிப்பா என்று வியந்தேன். அக்கா புருஷன் மாட்டுக் கொட்டகையிலிருந்து வெளியே வந்தார். மேளத்தைப் பார்த்தார், தட்டுகளைப் பார்த்தார், புடவை நிறத்தைப் பார்த்தார், கடைசியாக என் கழுத்தைப் பார்த்தார். அந்த மனுஷர் பல் தெரியச் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

"மச்சான், ஒரு வார்த்த சொல்லி அனுப்பி இருந்தா பந்தல் போட்டிருப்பேனே. வெளிய மாப்ள தேடணும்னு பேஜார் பட்டுக்கினு இருந்தேன். வூட்லயே கீது, எனக்குத்தான் தோணல."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. நான் கொண்டுவந்தது சீர் இல்லை, பரிசம். தாய்மாமன், கல்யாணம் ஆகாதவன், சிவப்புப் புடவைத் தட்டோடு மேளம் அடித்து மாலையும் கழுத்துமாக அக்கா மகள் வீட்டுக்கு வந்தால் அதற்கு உலகத்தில் ஒரே அர்த்தம்தான். தட்டு தூக்கிய பெண்களுக்குத் தெரிந்திருக்கிறது, தவில்காரருக்குத் தெரிந்திருக்கிறது. தெருவில் கட்டியிருந்த கன்றுக்குட்டிக்குக்கூடத் தெரிந்திருக்கும். மாப்பிள்ளைக்கு மட்டும் தகவல் இல்லை.

அவர் அக்காவைக் கூப்பிட்டுப் பாய் போடச் சொன்னார். உள்ளே திரும்பி, திங்கட்கிழமை யாரும் எங்கேயும் போக வேண்டாம் என்றார். அக்கா மகள் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். என்னைத்தான் பார்த்தாள். நான் மடியில் வைத்திருந்த குழந்தை, என்னை அப்படிப் பார்த்ததே இல்லை.

என் நிலைமையை யோசித்துப் பாருங்கள். சரி என்றால் அவள் படிப்பு போச்சு. எனக்கும் அவளுக்கும் கல்யாணம் என்பதை நினைத்தாலே காது குத்தின அன்று வந்த அழுகை வந்தது. பரிசம் இல்லை என்று சொன்னாலோ, தெருவே கூடி நிற்கும்போது தட்டோடு வந்த மாமனே வேண்டாம் என்று போன பெண் என்று அவளுக்குப் பேராகிவிடும். அவள் நைனா அந்த அவமானத்தில் அவளை வாசப்படி தாண்ட விடமாட்டார். எந்தப் பக்கம் ஓட்டினாலும் வண்டி பள்ளத்தில்தான்.

எனக்குத் தெரிந்த வித்தை ஒன்றுதான், என்னை நானே கேலி செய்வது. அக்கா புருஷனிடம் அதையே எடுத்தேன்.

"மாமா, பதினோராவது பாஸ் பண்ண பொண்ணுக்கு என்ன மாதிரி ஆளா? எனக்கு பஸ்ஸு போர்டு படிக்கத் தெரியாது. காஞ்சிபுரம் போன்னு அனுப்பினா செங்கல்பட்டு பஸ்ல ஏறி உக்காந்துக்கினு இருப்பேன்."

தெரு சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. படிப்பு என்ன படிப்பு, வண்டி ஓட்டத் தெரிகிறது, மாட்டை அடிக்காமல் வைத்திருக்கிறாய், அது போதும் என்றார். வாழ்க்கையில் ஒருத்தர் என்னைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொன்னது அன்றைக்குத்தான். அதுவும் வேண்டாத நேரத்தில்.

அவள் நிலைப்படியை விட்டு வெளியே வந்தாள்.

"நைனா, நான் பரிட்ச எழுதித்தானே பாஸ் பண்ணேன். மாமாவும் எழுதட்டும். ஒரே ஒரு கேள்வி. பாஸ் பண்ணா நான் கட்டிக்கிறேன். பெயிலானா திங்கக்கெழம நான் காஞ்சிபுரம் போறேன்."

கூட்டத்துக்கு இது ரொம்பப் பிடித்துவிட்டது. கேளு பாப்பா, கேளு என்று பின்னாலிருந்து யாரோ தூண்டினார்கள். அக்கா புருஷன் மகளைப் பார்த்தார். கோபப்படலாமா பெருமைப்படலாமா என்று அவருக்கே தீர்மானமாகவில்லை. கடைசியில், சின்னக் கேள்வியாகக் கேள், அவன் பாவம் என்று எனக்காகச் சிபாரிசு செய்தார்.

அவள் சுற்றிலும் பார்த்தாள். அதற்குள் யாரோ வண்டியிலிருந்து பெட்டியை இறக்கி வாசலில் வைத்திருந்தார்கள். அதைக் கைகாட்டினாள்.

"பொட்டி மேல இன்னா எழுதிகீது? படிக்கட்டும்."

பாவி, எனக்குத் தெரிந்த ஒரே எழுத்தைக் கேட்டுவிட்டாள். அவள் பேர், அதற்குப் பின்னால் எஸ்.எஸ்.எல்.சி. என் மாடுகளைக் கேட்டால்கூடச் சொல்லும். அக்கா புருஷனுக்கும் அது தெரிந்துவிட்டது போலிருந்தது. படி மச்சான், நீ வாங்கின பெட்டிதானே என்று உற்சாகப்படுத்தினார்.

பெட்டி முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தேன். மாலை மடியில் விழுந்து இடைஞ்சல் செய்தது, அதைக் கழற்றிப் பக்கத்தில் வைத்தேன். முதல் எழுத்தில் விரலை வைத்தேன். தவில்காரர்கூடக் கையை எடுத்துவிட்டு எட்டிப் பார்த்தார். நெற்றியைச் சுருக்கி, உதட்டை அசைத்து, படிக்கிறவர்கள் என்னென்ன செய்வார்களோ அத்தனையும் செய்தேன். பிறகு சத்தமாக, நிறுத்தி நிறுத்திப் படித்தேன்.

"மயிலக்காளைக்கு... புண்ணாக்கு."

அக்காதான் முதலில் சிரித்தாள், முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு. அப்புறம் தெரு முழுக்க. எழுந்து நின்ற இரண்டு கிழவர்களும் உட்கார்ந்துவிட்டார்கள். விடை தெரிந்தும் நான் பெயிலான ஒரே பரிட்சை அதுதான். விடை தெரியாமல் பெயிலாக எனக்கு வேறு சந்தர்ப்பங்கள் வாய்த்திருக்கின்றன.

அவள் மட்டும் சிரிக்கவில்லை. டீச்சர் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு, "பெயில்" என்றாள். எனக்கு விடை தெரியும் என்பது அவளுக்குத் தெரிந்திருந்ததா, இல்லை என்னை உண்மையிலேயே அவ்வளவு மக்கு என்று நம்பித்தான் கேட்டாளா? இன்றுவரை நான் கேட்கவில்லை. எந்தப் பதில் வந்தாலும் எனக்குக் கஷ்டம்.

அக்கா புருஷன் கண்ணைத் துடைத்துக்கொண்டார். சிரித்ததில் வந்த தண்ணீர்தான். தோற்றுப்போனவர் மாதிரியும் இல்லை. பேசக் கூலி கேட்கிற ஆள் அன்றைக்கு இலவசமாகவே பேசினார்.

"பெயிலானவங்க செப்டம்பர்ல மறுபடி எழுதலாம் இல்ல? மச்சானும் எழுதட்டும். அது வரைக்கும் நீ போயி படி."

யாருக்கும் அவமானம் இல்லை. மாப்பிள்ளை பெயில், பெண் பாஸ், விஷயம் செப்டம்பருக்கு ஒத்திப்போட்டிருக்கிறது, அவ்வளவுதான். தட்டிலிருந்த பழத்தை வந்தவர்களுக்கே பங்கு போட்டார்கள். மாலையை ஒருவழியாக யாருக்கு வாங்கினேனோ அவள் கழுத்தில் போட்டேன். நாயனக்காரர் மறுபடியும் கல்யாண மேளத்தையே ஆரம்பித்தார், அக்கா கை காட்டி நிறுத்தினாள்.

திங்கட்கிழமை அந்தச் சிவப்புப் புடவையைக் கட்டிக்கொண்டு அவள் பஸ் ஏறினாள். பெட்டியை நான்தான் பஸ் கூரைமேல் ஏற்றிக் கட்டினேன். எந்த பஸ் என்று அவளே போர்டைப் பார்த்துச் சொன்னாள். அந்தப் பெட்டி பின்னால் அவளோடு எத்தனையோ ஊர் போனது. டீச்சருக்கு மாற்றல் வரும்போதெல்லாம் பெட்டிக்கும் மாற்றல்.

ஆனால் அதெல்லாம் பிற்பாடு. அக்கா புருஷன் சொன்னதை மறக்கிற ஆள் இல்லை. செப்டம்பர் பிறந்ததும் ஒருநாள் காலையில் எங்கள் வாசலில் வந்து நின்றார். கையில் ஒரு சிலேட்டு. கூடவே, தீர்ப்புச் சொல்வதற்கு என்று அவர்கள் ஊர் வாத்தியார். அவள் காஞ்சிபுரத்தில் இருந்தாள், இந்தத் தடவை நான் தனியாகத்தான் பெயிலாக வேண்டும். வாத்தியார் சிலேட்டில் பெரிதாக ஒரு எழுத்து எழுதி என் முகத்துக்கு நேராகப் பிடித்தார். அக்கா புருஷன் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். தோளில் கை போட்டு, வாத்தியாருக்குக் கேட்காமல், பாப்பா காகிதம் போட்டிருக்கிறாள், அங்கே நன்றாகப் படிக்கிறாளாம் என்று மெதுவாகச் சொன்னார். அப்புறம் குரலை உயர்த்தி, நல்லா யோசிச்சி சொல்லு மச்சான் என்றார். நான் அவர் முகத்தைப் பார்த்தேன். சிலேட்டைப் பார்த்தேன். தொண்டையைச் சரிசெய்துகொண்டு—

"தோ, அங்க இன்னா கத சொல்லிக்கினு கீற? கரண்டு வந்து எம்மா நேரமாவுது. மோட்டாரப் போடு, நாத்து காயுது."

செப்டம்பரிலும் பெயிலானவன் என்று தெரிந்தே என்னைக் கட்டிக்கொண்ட என் வீட்டுக்காரிதான். இதோ, போகிறேன்.